பதினோரு கோடு

பயம் வந்தால் எனக்குப் பசிக்கும். மற்றவர்களுக்குத் தொண்டை அடைக்கும், வயிறு கலங்கும் என்கிறார்கள். எனக்கு நேர் எதிர். பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று ஒன்பது இட்லி. பெண் பார்க்கப் போன வீட்டில் மூன்று தட்டு சொஜ்ஜி. சொஜ்ஜி தீர்ந்துபோனதால்தான் பேச்சும் சீக்கிரம் முடிந்து கல்யாணம் நிச்சயமானது என்று என் மனைவி இன்றும் சொல்கிறாள். போன மாதம் சர்க்கரை டாக்டர் கேட்டார், "சின்ன வயசுலேந்து ஸ்வீட் அதிகமோ?" "இல்ல டாக்டர், பயம் அதிகம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மாத்திரையைக் கூட்டி எழுதினார்.

என் சாதனை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்தது. பதினேழு வாழைக்காய் பஜ்ஜி. அந்தப் பஜ்ஜியைச் சுட்டவரைப் பற்றித்தான் இப்போது சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் கிழக்குத் தாம்பரத்தில் எனக்கு ஒரு வீடியோ லைப்ரரி இருந்தது. ஒரு பக்கம் தையல் கடை, மறு பக்கம் மாவு மில். கேசட் வாடகைக்கு எடுத்துப்போகிறவர்கள் கூடவே கொஞ்சம் கோதுமை மாவையும் இலவசமாகக் கொண்டுபோவார்கள். பஜ்ஜி சுட்ட அக்கா, கூடப் பிறந்தவர் இல்லை, வாடிக்கையாளர், முதல்முறை வந்தது உறுப்பினர் படிவம் நிரப்ப. நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். கிண்டியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். தோளில் ஒரு பழைய தோல்பை, கையில் பால் பாயிண்ட் பேனா. அவர் பெயரை எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்து மில்லில் பெல்ட் அறுந்தது. குண்டு வெடித்த மாதிரி சத்தம். தையல்காரர் தெருவுக்கு ஓடினார். நான் மேசைக்கு அடியில் போய், அங்கே வைத்திருந்த வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டேன். மெல்ல எழுந்து பார்த்தால் அக்கா முகவரியை எழுதிக்கொண்டிருக்கிறார். பின்கோடு ஆறு எண்ணையும் முடித்தார். கீழே ஒரு கோடு இழுத்தார். அப்புறம்தான் தலையைத் தூக்கினார்.

"என்னப்பா சத்தம்?"

அதுதான் அக்கா. கையில் எடுத்தது முடியாமல் தலை நிமிராது. பீன்ஸ் நறுக்கும்போது அவர் வீட்டு வாசலில் தபால்காரர் கால்மணி நேரம் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். "இருங்க, ஒரு பிடிதான்" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும்.

படிவம் முடிந்ததும் கேட்டார்: "ரேஸ் படம் இருக்கா?"

"குதிரையாக்கா?"

"மோட்டார். கதையெல்லாம் வேண்டாம். நிஜமா நடந்ததப் படம் பிடிச்சிருப்பாங்களே, அது. எவ்வளவு பழசோ அவ்வளவு நல்லது."

எங்கள் ஏரியாவில் அப்படி ஒரு கேள்வியை அதற்கு முன்பும் பின்பும் யாரும் கேட்டதில்லை. கடைக்கு வருகிறவர்கள் சண்டை கேட்பார்கள், சாமி கேட்பார்கள், தயங்கித் தயங்கி வேறு சிலதும் கேட்பார்கள். இது புதுசு. பர்மா பஜாரில் மூன்று நடை அலைந்து ஒரு கேசட் பிடித்தேன். வெளிநாட்டுப் பழைய பந்தயங்கள், கறுப்பு வெள்ளை, பாதி ஊமை. அதைக் கொண்டுபோய்ச் சேலையூரில் அவர் வீட்டு வீடியோ டெக்கில் போட்டுக் காட்டினேன். அப்படியே வாரம் ஒன்று என்று வழக்கமாகிவிட்டது. அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் அவரும், ஒரு டிவியும், டிவிமேல் விரித்த குரோஷா துணியும்தான்.

ஆரம்பத்தில் எனக்குக் கொட்டாவி வந்தது. அப்புறம் எப்படியோ பிடித்துப்போனது. தோல் தொப்பியும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, திறந்த வண்டியில், குளியல் தொட்டியில் உட்கார்ந்த மாதிரி மனிதர்கள் போவார்கள். சாலையோரம் தடுப்பு ஒன்றும் இருக்காது. வைக்கோல் கட்டு நாலு. குழந்தையைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு ஒருவன் ஒரு முழம் தள்ளி நிற்பான். பெட்ரோல் ஊற்றுகிறவன் வாயில் சிகரெட் புகையும். ஒரு நாய் சாவகாசமாகக் குறுக்கே போகும். கடையை மூடிவிட்டு அலுப்போடு போய் உட்காருகிறவனுக்கு, வேறு யாரோ அவசரப்படுவதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருந்தது.

அக்கா ஒருநாள் சொன்னார்: "யாரு ஜெயிச்சான்னு அச்சடிச்சு, அந்தப் புத்தகமே செல்லரிச்சுப் போயிருக்கும். இவங்களுக்குத்தான் இன்னும் தெரியாது. பாவம், எப்படி ஓட்டறாங்க பாரு."

ஆனால் அவர் பார்த்தது வண்டிகளை இல்லை. படம் ஓடும்போது கண் திரையின் ஓரங்களிலேயே மேயும். திடீரென்று விரல் நீளும். "அதோ. அந்தக் குடைக்கு அடியில." பார்த்தால் ஒரு மேசை, நாலு பேர், எல்லார் தலையும் குனிந்திருக்கும். வண்டி அவர்கள் மூக்குக்கு முன்னால் பறக்கும். கூட்டத்தில் அத்தனை தலையும் இடமிருந்து வலம் திரும்பும். அந்த நாலு தலை மட்டும் திரும்பாது.

"யாருக்கா அவங்க?"

"நான்" என்றார்.

விஷயம் பிறகுதான் தெரிந்தது. அவருடைய முதலாளிக்கு ரேஸ் பைத்தியம். சென்னைக்கு வடக்கே பழைய விமான ஓடுதளம் ஒன்றில் வருஷா வருஷம் பந்தயம் நடக்கும். பனி விலகும் சமயம் வந்தால் டைப்பிஸ்ட் பெண்களை வேனில் ஏற்றி அழைத்துப்போய் ரவுண்டு கணக்கு எழுத உட்காரவைப்பார். ஒருவர் கயிற்றோரம் நின்று கடக்கிற வண்டியின் எண்ணைக் கத்துவார். மேசையில் இருப்பவர் அந்த எண்ணுக்கு நேரே ஒரு கோடு போட வேண்டும். மேலே பார்க்கக் கூடாது. ஒரு வண்டியைக் கண் துரத்தினால் காது அடுத்த எண்ணைத் தவறவிடும். வேகமாக டைப் அடிக்கிறவர்களுக்கு மூலத்தாளை விட்டுக் கண் எடுக்காத பழக்கம் உண்டு என்பதால் அவர்களைத் தேர்ந்தெடுத்தாராம். அக்கா ஆறு வருஷம் போனார். ஆறு வருஷமும் காதுக்குள் இரைச்சல், மூக்கில் பெட்ரோல், கண்ணுக்கு முன்னால் வெள்ளைத்தாள்.

"அதான் இப்போ பாத்துக்கறேன்" என்றார். "அங்க உக்காந்திருந்தும் என்னதான் நடந்துச்சுன்னு தெரியாது எனக்கு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அதற்குக் காரணம் அவர் தம்பி.

தம்பிக்கு அப்போது இருபத்திரண்டு வயது, மெக்கானிக். அப்பாவுக்குத் தெரியாமல் இரவல் மோட்டார் சைக்கிளில் அந்தப் பந்தயத்தில் ஓட்டினார். வண்டி எண் இருபத்தேழு. மொத்தம் பன்னிரண்டு ரவுண்டு. மூன்றாவதாக வந்துவிட்டேன் என்று தம்பி கையைத் தூக்கினார். அக்கா தாளில் இருபத்தேழுக்கு நேரே பதினோரு கோடுதான் இருந்தது. முதல் மூன்று பேருக்கு வேலை தருவதாகச் சொல்லி வெளியூர் மோட்டார் கம்பெனிக்காரர் ஒருவர் வந்திருந்தார். நடுவர்கள் தாளைப் பார்த்தார்கள். "நிச்சயமா?" என்று அக்காவைக் கேட்டார்கள். தம்பி எதிரில் நின்றார். அக்கா, "எழுதினது எழுதினதுதான்" என்றார். வேலை நாலாவதாக வந்தவனுக்குப் போனது.

அதற்குப் பிறகு பதினாறு வருஷம் அவர்களுக்குள் பேச்சு இல்லை. கல்யாணம் கருமாதி என்றால் மூன்றாம் மனிதர் வழியாக, "அவங்களைச் சாப்பிடச் சொல்லுங்க." அவ்வளவுதான்.

இந்த நிலையில் முதலாளி காலமானார். அவர் வீட்டு அலமாரியைக் காலி செய்தபோது ஒரு பிஸ்கட் டின்னில் படச்சுருள் கிடைத்தது. தம்பி ஓட்டிய வருஷத்துப் பந்தயம். மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று முதலாளி தன் சின்னக் காமிராவில் பிடித்தது. டின்னை அக்கா மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து, என் கடைக் கவுன்ட்டரில் வைத்தார்.

"கேசட்ல ஏத்தித் தர முடியுமா? ஜாக்கிரதை. இது ஒண்ணுதான் இருக்கு."

குரோம்பேட்டையில் கல்யாண வீடியோ எடுக்கும் நண்பர் ஒருவர் பழைய புரொஜெக்டர் வைத்திருந்தார். பச்சைச் சுவரில் வேட்டியைக் கட்டி அதில் படத்தை ஓட்டி, எதிரில் வீடியோ காமிராவை நிறுத்திப் பிடித்தார். பதினாலு நிமிஷம். நானும் அறையில்தான் இருந்தேன். ஓடுகிற புரொஜெக்டர் எப்போது தீப்பிடிக்கும் என்ற பயத்தில் இருந்ததால் மடியில் வறுத்த கடலை. தோலை ஊதிக்கொண்டே பார்த்தேன். வண்டிகள் வந்தன, போயின, வந்தன, போயின. ஓட்டி முடித்துச் சுருளைக் கழற்றினால் பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கியது. ஆக, அந்தப் பந்தயத்தை முழுதாகப் பார்த்த கடைசி மனிதர்கள் நாங்கள் இருவர். ஒருவர் காமிராவின் ஃபோகஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் கடலை.

இனி நான் செய்த காரியம். வீடியோ கேசட்டின் முதுகில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதுவும் பதிவாகாது. கேசட்டில் முக்கியமானது எதுவும் ஏறினால் முதல் வேலை அந்தப் பல்லை உடைப்பது. ஆனால் லைப்ரரிக்காரன் உடைக்க மாட்டான். உடைத்தால் அந்தக் கேசட் மறுபடி எதற்கும் உதவாது. எங்களுக்குக் கை வராது. நானும் உடைக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் டெக்கில் போட்டுச் சரிபார்த்தேன். பாதிக்குமேல் பார்த்ததும் கொட்டாவி வந்தது. நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன். கேசட் டெக்கிலேயே இருந்தது.

மறுநாள் மதியம் டிவியில் குக்கரில் கேக் செய்வது எப்படி என்று காட்டினார்கள். புதுசாய்க் கல்யாணமான என் மனைவி அதைப் பதிவு செய்யப் பட்டனை அழுத்திவிட்டாள்.

இது எனக்கு எப்போது தெரிந்தது? ஞாயிற்றுக்கிழமை காலை. அதற்குள் அக்கா சொல்லி நான் பள்ளிக்கரணை வரை மொபெட்டில் போய்த் தம்பியைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்க வரச்சொல்லி அழைத்தாயிற்று. அவர் அங்கே தண்ணி லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். கிணற்றோரம் குழாயை லாரித் தொட்டியில் சொருகிவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டி, பீடியோடு நின்றிருந்தார். நல்ல தொப்பை. காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார்.

"இன்னாவாம் அவங்களுக்கு? இன்னொருக்கா பதினொண்ணுனு சொல்றதுக்கா?"

"படம் இருக்குண்ணா. நீங்களே எண்ணிப் பாத்துக்கலாம்."

"பாத்து இன்னா பண்றது? அந்த வேல இப்போ கெடைச்சிடுமா? பேஜாரு புடிச்ச கத." குழாயைப் பிடுங்கினார். தண்ணீர் என் செருப்பில் கொட்டியது. லாரியில் ஏறிக் கதவைச் சாத்தினார். நான் மொபெட்டைத் திருப்பும்போது ஜன்னலில் தலை வந்தது. "எத்தினி மணிக்கு?"

"நாலுக்குண்ணா."

"லோடு முடிச்சுட்டு பாக்கறேன். கேரண்டி இல்ல."

ஞாயிறு காலை கேசட்டைப் போட்டுப் பார்த்து, ஏழாவது ரவுண்டுக்குப் பிறகு மைதா மாவு கலப்பதைக் கண்டதும் நான் என்ன செய்தேன்? நேர்மையான மனிதன் என்றால் உடனே போய்ச் சொல்லியிருப்பான். நான் ஆறு தோசை சாப்பிட்டேன். கரண்ட் போகட்டும் என்று குன்றத்தூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டேன். எங்கள் பக்கம் தினமும் மூன்று முறை போகிற கரண்ட், அன்று அசையாமல் நின்றது. நாலு மணிக்கு அக்கா வீட்டுக்குப் போனதும் மெயின் போர்டில் ஃபியூஸைப் பிடுங்கிவிடலாமா என்றும் பார்த்தேன். அது தலைக்குமேல் உயரத்தில் இருந்தது, எதிரில் அக்கா சுட்டுவைத்த பஜ்ஜித் தட்டு இருந்தது. எது கைக்கு எட்டியதோ அதை எடுத்தேன்.

நாலரைக்குத் தெருவில் தண்ணி லாரி வந்து நின்றது. தம்பி சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். வாசலில் செருப்பை விட்டார். மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"வாங்கன்னு சொல்லுப்பா" என்றார் அக்கா என்னிடம்.

"வந்துட்டேன்னு சொல்லு" என்றார் தம்பி என்னிடம்.

நான் இன்னொரு பஜ்ஜி எடுத்தேன்.

படம் தொடங்கியது. வெயிலில் வெளுத்த ஓடுதளம், சவுக்குத் தோப்பு, துணிப் பந்தல். பந்தலுக்கு அடியில் மேசை, நாலு பெண்கள். மூன்றாவது பெண்ணுக்கு இரட்டைப் பின்னல். தம்பி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். திரையைப் பார்ப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் மடியில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, பென்சிலை எடுத்துக்கொண்டு, குனிந்துவிட்டார்.

"நீ கூப்பிடு" என்றார். "நான் எழுதறேன்."

பதினாறு வருஷத்தில் அவர் தம்பியிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. தம்பி அக்கா பக்கம் திரும்பினார்.

"பாரேன் நீயும். படம்தானே."

"கூப்பிடுடா."

வண்டிகள் வந்தன. "பத்தொம்போது" என்றார் தம்பி மெதுவாக. "நாப்பது. ஆறு. இருவத்தேழு." பென்சில் கீறியது. மறுபடி வந்தன. "பத்தொம்போது. ஆறு. இருவத்தேழு! நாப்பதத் தாண்டிட்டேன், பாரு." அக்கா பார்க்கவில்லை. கோடு போட்டார். மூன்றாவது ரவுண்டில் தம்பியின் குரல் ஏறிவிட்டது. கயிற்றோரம் நிற்கிறவன் மாதிரியே கத்தினார். ஐந்தாவதில் எழுந்து நின்றுவிட்டார். ஏழாவதில் அவர் கை இல்லாத ஆக்ஸிலேட்டரைத் திருகிக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் என்ன வரப்போகிறது என்று தெரியும். தட்டில் இரண்டே பஜ்ஜி மிச்சம்.

வண்டிகள் தூரத்தில் புள்ளியாகத் தெரிந்தன. புள்ளிகள் வளர்ந்தன. திரையில் கோடு ஒன்று குறுக்கே ஓடியது. பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள் கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டி, "இப்போ மாவைக் கட்டியில்லாம கலக்கணும்" என்றார்.

அக்கா குனிந்தபடி காத்திருந்தார்.

"கூப்பிடு."

தம்பி திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தார்.

"கூப்பிடுடா. எட்டாவது."

"இன்னாத்தக் கூப்புடறது? மாவு கலக்கிகினு கீறா, அந்தம்மா."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேசட்டின் பல், டீ, என் மனைவி, குக்கர், அப்பளம் மாதிரி நொறுங்கிய சுருள். வாயில் பஜ்ஜி இருந்ததால் ஒப்புதல் வாக்குமூலம் அவ்வளவு தெளிவாக வரவில்லை. தம்பி என்னை அடிக்க வருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து கண்ணைத் தேய்த்துக்கொண்டார். மூன்று லோடு அடித்துவிட்டு வந்த களைப்பு.

அக்கா இன்னும் நிமிரவில்லை. தாளைப் பார்த்தபடியே என்னைக் கேட்டார்.

"அங்க குரோம்பேட்டைல முழுசும் பாத்தியே. அந்த ரெட்டைப் பின்னல், தலையைத் தூக்கினாளா?"

எனக்குச் சத்தியமாக ஞாபகம் இல்லை. கடலைத் தோல்தான் ஞாபகம் இருந்தது. அவர் மனசு குளிரட்டும் என்று ஒரு பொய்யை அடித்துவிட்டேன்.

"இல்லவே இல்லக்கா. கடைசி வரைக்கும் குனிஞ்ச தலை நிமிரல. நான் கவனிச்சுக்கிட்டேதான் இருந்தேன்."

"அப்ப நீ கவனிக்கல" என்றார் அக்கா.

பென்சிலைக் கீழே வைத்தார். தலையை நிமிர்த்தித் தம்பியைப் பார்த்தார்.

"தூக்கினேன்டா. எட்டாவதோ ஒன்பதாவதோ தெரியல. கூட்டம் ஓன்னு கத்திச்சு. நீ விழுந்துட்டேன்னு நெனச்சேன். பாத்துட்டேன். குனிஞ்சப்போ உன் கோட்டைப் போட்டேனா, போடலயான்னு எனக்கே தெரியல. அவங்க வந்து நிச்சயமான்னு கேட்டப்போ, பாத்துட்டேன்னு சொல்ல வாய் வரல. எழுதினது எழுதினதுதான்னுட்டேன். பன்னெண்டா பதினொண்ணான்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது."

டிவியில் அந்த அம்மாள் குக்கரின் அடியில் மணல் பரப்பிக்கொண்டிருந்தார். போய் அணைக்கலாமா என்று எனக்குத் தோன்றியது. அதற்குப் பதில் மிச்சமிருந்த பஜ்ஜியை எடுத்தேன்.

தம்பி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த வேலை, அந்த ஊர், ஓட்டாத வண்டிகள், ஓட்டுகிற தண்ணி லாரி எல்லாம் அந்தக் கைக்குள் இருந்திருக்கும். கடைசியில் கேட்டார்:

"பாத்தியா நீ?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

அக்காவுக்கு இந்தக் கேள்வி எதிர்பாராதது.

"வளைவுல சாஞ்சு வந்தே. முட்டி தரையில தேஞ்சிடுமோன்னு இருந்துச்சு. சட்டை முதுகுல உப்பியிருந்துச்சு, அப்பாவோட நீலச் சட்டை. வாய் தெறந்திருந்துச்சு. பாடிக்கிட்டு வரியோன்னு நெனச்சேன்."

"பாட்டா? கத்திகினு வந்தேன்க்கா. பயத்துல. பிரேக்கே புடிக்காத வண்டி அது."

பயத்தில் கத்துகிற மனிதரை அன்றுதான் முதலில் பார்த்தேன். பயத்தில் தின்கிறவனைவிடச் செலவு குறைவு.

"நல்லா இருந்துச்சுடா" என்றார் அக்கா. "ஆறு வருஷத்துல நான் பாத்தது அது ஒண்ணுதான்."

தம்பி எழுந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அப்பா பாக்கல. கூட்டாளிங்க ஒருத்தனும் வரல. நீ ஒருத்தி பாத்தே, அதுவும் ஒரு ரவுண்டு. சரி, அந்த ரவுண்டு உன்னாண்டயே இருக்கட்டும். கோவம் பூடுச்சுனு நெனச்சுக்காத. அலுத்துப்போச்சு, அவ்ளோதான்." தட்டைப் பார்த்தார். "எனக்கு ஒரு பஜ்ஜி கூட வைக்கலயா இந்த ஆளு?"

அக்கா அடுப்படிக்குப் போனார். வாழைக்காய் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. எண்ணெய் காய்வதற்குள் கீழே யாரோ லாரியை நகர்த்தச் சொல்லி ஹாரன் அடித்தார்கள். "இன்னொரு நாள் வரேன்க்கா" என்று தம்பி படி இறங்கினார். கையில் சீவின வாழைக்காயும் கத்தியுமாக அக்கா பின்னாலேயே இறங்கினார். அடுப்பில் எண்ணெய் புகையும் என்ற பயத்தில் நான் ஓடிப்போய் அதை அணைத்தேன். பிறகு பால்கனிக்கு வந்து எட்டிப்பார்த்தேன்.

லாரி கிளம்பியது. தொட்டியின் அடியில் கசிந்த தண்ணீர் தார்ச்சாலையில் நீளமாக ஒரு கோடு போட்டுக்கொண்டே போனது. தெருமுனையில் தம்பி கொஞ்சம் வேகமாகத்தான் திருப்பினார். உள்ளே தண்ணீர் ஒரு பக்கமாக மோதி, அந்த வயசான லாரியும் லேசாகச் சாய்ந்தது.

அக்கா கேட்டருகில் நின்றிருந்தார். பாதி சீவின வாழைக்காய் கையில் கறுத்துக்கொண்டிருந்தது. லாரி மறைந்த பிறகும் குனியாமல் அந்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.